சுமதிக்கு லீவு கொடு

செவ்வாய்பேட்டை,
சேலம்.

அன்புள்ள கவிதாவுக்கு,

நானும் அப்பாவும் இங்கே நலம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நலமா? தீபாவளிக்கு அனுப்பிய பார்சல் வந்து சேர்ந்ததா என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். அதிரசம் உடையாமல் வந்ததா என்று அப்பா தினமும் கேட்கிறார். எனக்கும் தெரியாததால் "வந்திருக்கும்" என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை போனில் பேசியபோது நீ சொன்னது என் மனத்தை விட்டுப் போகவில்லை. உன் ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கும் சுமதி மகளைப் பிரசவத்துக்கு அழைத்து வந்திருக்கிறாள், தை மாதத்தில் முழுதாக ஒரு மாதம் லீவு கேட்கிறாள், "அவள் போனால் ஆபீஸே படுத்துவிடும், எப்படியம்மா கொடுப்பது?" என்றாய். நான் வாயைத் திறப்பதற்குள் வேறு யாரோ அழைக்கிறார்கள் என்று வைத்துவிட்டாய். அதன்பிறகு நான் எப்போது அழைத்தாலும் மீட்டிங்கில் இருப்பதாகத்தான் செய்தி வருகிறது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நடுவில் நிறுத்தாமல் படி கண்ணு.

ஒரு ஆள் போனால் ஆபீஸ் படுத்துவிடும் என்றால், அவள் போகாமல் உட்கார்ந்திருக்கும் இன்றைக்கும் அந்த ஆபீஸ் ஆபத்தில்தான் இருக்கிறது. நாளைக்கே அவளுக்குக் காய்ச்சல் வந்தாலோ, பெரிய கம்பெனி ஒன்று கூடுதல் சம்பளம் சொல்லி அழைத்துக்கொண்டாலோ என்ன செய்வாய்? அப்போது ஒரு மாதம் முன்னதாக யாரும் சொல்லிவிட்டுப் போக மாட்டார்கள். சுமதி இப்போதே தேதி சொல்லிக் கேட்கிறாள். அது உனக்குக் கிடைத்த வாய்ப்பு.

பேங்கில் நான் கண்டது இதுதான். முக்கியமான பொறுப்பில் இருப்பவர்களை வருடத்துக்கு ஒரு முறை கட்டாய லீவில் அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. 2021 ஜூலையில் அதைத் திரும்பவும் தெளிவாக எழுதினார்கள்: குறைந்தது 10 வேலை நாள், ஒரே தவணையில், முன்கூட்டிச் சொல்லாமல். அந்த நாள்களில் அவர் ஆபீஸ் மெயிலைத் தவிர வேலை சம்பந்தமான எதையும் தொடக் கூடாது. மோசடி நடந்தால் வெளியே தெரியட்டும் என்றுதான் அந்த விதி. ஆனால் நல்லவர்கள் போகும்போதும் அது வேலை செய்கிறது. இரண்டு நாள் லீவு போனால் கடிதங்கள் அவருடைய மேஜைமேல் அப்படியே காத்திருக்கும். வந்ததும் அவரே பார்த்துக்கொள்வார், அடுத்த மேஜைக்காரருக்கு ஒன்றும் தெரிய வேண்டியதில்லை. பத்து நாள் போனால் யாராவது அந்த இழுப்பறையைத் திறந்துதான் ஆக வேண்டும். எங்கள் கிளையில் ஒருவரின் இழுப்பறையை நான் திறந்தபோது வாடிக்கையாளர்கள் எழுதிய கடிதங்கள் ரப்பர் பேண்டு போட்டு அடுக்காக இருந்தன. ஒரு பைசா தப்பு இல்லை. என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல் பயந்து வைத்திருந்தார், பாவம். எல்லோரும் சேர்ந்து பதில் எழுதி முடித்தோம். அவர் திரும்பி வந்தபோது முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. துண்டு துண்டாக லீவு எடுத்திருந்தால் அந்தக் கட்டு வருடக்கணக்கில் அங்கேயே கிடந்திருக்கும்.

என் கதையே இருக்கிறது. நீ பிரசவத்துக்கு வந்தபோது நகைக் கடன் பிரிவை விட்டுவிட்டு ஒரு மாதம் உன் பக்கத்திலேயே இருந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? நகைக் கடன் நோட்டீஸ் எல்லாம் என் தலைக்குள் ஒரு வரிசையில் இருந்தது. என் இடத்தில் உட்கார்ந்த புதுப் பெண்ணுக்கு அந்த வரிசை தெரியாது. அவள் கெடு தேதிப்படி எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிவிட்டாள். நான் ஓய்வு பெறும்வரை அந்த நோட்டின்படிதான் வேலை செய்தேன். அன்றைக்கு என் மேனேஜர் "நீங்கள் போனால் கிளை படுத்துவிடும்" என்று சொல்லியிருந்தால், உனக்கு வலி எடுத்த அந்த ராத்திரி யார் இருந்திருப்பார்கள்? சுமதியின் மகளுக்கும் அதே ராத்திரி வரப்போகிறது.

பேங்க் பெரியது, ஏழு பேர் இருக்கிற என் ஆபீஸ் அப்படியா என்பாய். அப்பாவின் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் அதைவிட ஒருவர்தான் கூடுதல். முருகேசன் மாமா திருப்பூரில் மகன் வீட்டுக்கு ஒரு மாதம் போனாரே, அப்போது அப்பாவும் உன்னைப் போலத்தான் பயந்தார். கொலுசின் இணைப்பைப் பொடி வைத்து ஊதிப் பற்றவைப்பதில் மாமாவுக்கு நிகர் யாரும் கிடையாது. அதைவிடப் பெரிய சிக்கல், எந்தக் கடைக்கு எந்த டச், அதாவது வெள்ளியின் தரம், எந்த மாடலுக்கு எத்தனை முத்து, பொடியில் வெங்காரம் எவ்வளவு என்பதெல்லாம் அவருக்கு மட்டும்தான் தெரியும். கிளம்புவதற்கு முன்னால் அப்பா அவரை அடுப்புக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, அவர் சொல்லச் சொல்ல ஒரு நீள நோட்டில் எழுதிக்கொண்டார். அட்டை கருகிப்போன அந்த நோட்டு இன்றைக்கும் தராசுக்குக் கீழே இருக்கிறது. சின்னப் பையன் ஊதக் கற்றுக்கொண்டது அந்த மாதத்தில்தான். முதலில் நாலைந்து ஜோடி இணைப்பு விட்டுப்போனது, உருக்கித் திரும்பச் செய்தார்கள், அவ்வளவுதான் நஷ்டம். இப்போது ஊதுவதற்கு இரண்டு பேர் இருப்பதால் ஆவணி முகூர்த்த ஆர்டர் வந்தால் அப்பா தைரியமாக ஒத்துக்கொள்கிறார்.

எப்போது விடுவது என்பதையும் அப்பாவிடம் கற்றுக்கொள். ஆடியில் கல்யாணம் இல்லை, கொலுசு ஆர்டர் குறையும். ஆடித் திருவிழாவுக்குக் கோயிலில் பூச்சாட்டியதிலிருந்து வண்டி வேடிக்கை ஊர்வலம் முடியும்வரை அவரே முன்வந்து ஆள்களை முறைவைத்து அனுப்புகிறார், சம்பளமும் கொடுக்கிறார். கடைக்காரர்களுக்கு ஆனியிலேயே சொல்லிவிடுவார். உனக்கும் அப்படிப்பட்ட காலம் இருக்கிறது. வருமான வரிக் கணக்குக்கு ஜூலை 31 நெருங்கும்போதும், செப்டம்பர் ஆடிட் முடியும்போதும் யாரையும் விட முடியாதுதான். டிசம்பர் 31-க்கு வருடாந்திர ஜி.எஸ்.டி. முடிந்துவிட்டால் தையில் என்ன தலைபோகிற வேலை? மாதா மாதம் ஜி.எஸ்.டி.க்கு 11, 20 என்று கெடு இருக்கிறது, பிடித்த வரியைக் கட்டும் டி.டி.எஸ். 7-ஆம் தேதி இருக்கிறது என்பாய். அவற்றை மற்றவர்கள் செய்யட்டும். போகுமுன் ஒரு மாதம் சுமதியின் பக்கத்தில் அந்தப் பொள்ளாச்சிப் பையனை உட்காரவை. எந்தப் பார்ட்டி பில்லைத் தாமதமாக அனுப்புவார், யாருக்கு இரண்டு முறை போன் செய்ய வேண்டும் என்பதை அவள் எழுதிக் கொடுக்கட்டும்.

இன்னொன்று. சட்டமும் நீ அறியாததில்லை, ஆடிட்டர் ஆயிற்றே. 1947-ஆம் வருடத்துக் கடைகள், நிறுவனங்கள் சட்டப்படி ஒரு வருடம் வேலை பார்த்தவருக்கு அடுத்த வருடம் 12 நாள் சம்பளத்துடன் லீவு, 24 நாள்வரை சேர்த்தும் வைக்கலாம். சுமதி எத்தனை வருடமாக எடுக்காமல் இருக்கிறாள் என்று நீயே கணக்குப் பார். பெரிய கம்பெனி கொடுக்கிற சம்பளத்தை உன்னால் கொடுக்க முடியாது. லீவு நாள்களைக் கொடுக்க முடியும். வேண்டிய நேரத்தில் லீவு கொடுத்த இடத்தை யாரும் சீக்கிரம் விட்டுப்போக மாட்டார்கள். முருகேசன் மாமாவை எத்தனை பட்டறைக்காரர்கள் அழைத்துப் பார்த்தார்கள் என்று உனக்குத் தெரியும்.

கொடுத்துவிட்டு அவளுக்குப் போன் செய்யாதே. "ஒரே ஒரு சந்தேகம்" என்று அழைக்காதே. நீ அழைத்தால் யாரும் ஒன்றும் கற்றுக்கொள்ள மாட்டார்கள், அவளும் வீட்டில் இருந்தும் ஆபீஸில் இருப்பாள்.

நம் தெருவில் எதிர்வீட்டுக்காரர் மாடி எடுக்கிறார், அதைப்பற்றி எழுத நினைத்தேன். பிறகு எழுதுகிறேன்.

கவிதா, முதல் தடவையிலேயே சி.ஏ. பாஸ் செய்து, தனியாக ஆபீஸ் போட்டு, ஏழு குடும்பத்துக்குச் சம்பளம் கொடுக்கிறாய். செவ்வாய்பேட்டையில் யாரைப் பார்த்தாலும் அப்பா அதைச் சொல்லாமல் விடுவதில்லை. ஆனால் கோவையிலிருந்து சேலம் பஸ்ஸில் மூன்று மணி நேரச் சொச்சம். ஆடிக்கு வரவில்லை, தீபாவளிக்கும் வரவில்லை. வீடியோவில் பேசும்போது உன் பின்னால் அலமாரியில் ஒரு மாத்திரை அட்டை இருந்தது. நான் பார்த்ததும் நீ போனைத் திருப்பிக்கொண்டாய். நான் கேட்கவில்லை. மாப்பிள்ளையிடமும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. உனக்கு எப்போது சொல்லத் தோன்றுகிறதோ அப்போது சொல். நேரத்துக்குச் சாப்பிடு.

சுமதி திரும்பி வந்ததும் அடுத்த லீவு உனக்கு. நீ இல்லாமல் ஆபீஸ் நடக்குமா என்று பார்க்க அதைவிட நல்ல வழி கிடையாது. 20-ஆம் தேதி கெடு முடிந்ததும் கிளம்பினால், அடுத்த 11-க்குள் முழுதாக இருபது நாள் இருக்கிறது. இரண்டு நாள், மூன்று நாள் என்று வராதே. முதல் நான்கு நாளும் நீ தூங்கவே போதாது. நாம் ஏற்காட்டுக்குப் போவோம். அங்கே சின்ன மாமாவின் தோட்டத்தில் மாசி வரைக்கும் காப்பி, மிளகு வேலை இருக்கும், அவர்கள் அதைப் பார்ப்பார்கள். உன்னை யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். குழந்தையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். மலை ஏறும்போது அவனுக்கு வாந்தி வரும், எலுமிச்சம்பழம் நான் எடுத்துக்கொள்கிறேன். இருபது கொண்டை ஊசி வளைவையும் உன் அப்பா எண்ணிக்கொண்டே வருவார், அவன் தூங்கிவிடுவான். லேப்டாப்பைக் கொண்டுவராதே.

சுமதிக்கு லீவு கொடுத்தாயா என்று எழுது. அவள் மகளுக்குத் தேதி எப்போது என்றும் கேட்டு எழுது, குழந்தைக்குத் தண்டை செய்ய வேண்டும் என்று அப்பா சொல்கிறார். அந்தக் கடிதத்திலேயே நீ வரும் தேதியையும் எழுதிவிடு. தோட்டத்து வீட்டில் பின்னறையை ஒழித்து வெள்ளையடிக்க மாமாவுக்கு ஒரு வாரமாவது வேண்டும்.

அன்புடன்,
அம்மா