ஆக்சிஸை விட்டு எங்கே போவது: நண்பனுக்கு ஒரு கடிதம்

சென்னை

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. மகள் கோவையிலேயே கல்லூரியில் சேர்ந்துவிட்டாள் என்பதும், அம்மா கண் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு மறுபடி நாளிதழ் படிக்கத் தொடங்கிவிட்டார் என்பதும் மனத்துக்கு நிறைவாக இருந்தன. இங்கே வீட்டில் அனைவரும் நலம். நான் அதே ஒருங்கிணைப்புப் பிரிவில்தான் இருக்கிறேன். வங்கிகளின் அமைப்புகளும் காப்பீட்டு நிறுவனங்களின் அமைப்புகளும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்கான சேவைகளைக் கட்டுவதும் பழுதுபார்ப்பதுமே என் அன்றாட வேலை என்பதால், நீ கேட்டிருக்கும் விஷயத்தில் எனக்குத் திடமான கருத்து உண்டு. விரிவாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

உங்கள் காப்பீட்டு பாலிசி அமைப்பு, ஜாவாவில் வெப் சர்வீஸ் எழுத உதவும் ஆக்சிஸ் 1.4 என்ற பழைய ஃபிரேம்வொர்க்கின் (ஆயத்த நிரல் அடித்தளத்தின்) மேல் நிற்கிறது, அதை ஜாவா 17-க்குக் கொண்டுபோக வேண்டும், ஆக்சிஸ்2, சிஎக்ஸ்எஃப், மெட்ரோ, ஸ்பிரிங் வெப் சர்வீசஸ் ஆகிய நான்கு மாற்று ஃபிரேம்வொர்க்குகளில் எது வேகமானது என்று நிர்வாகம் ஒப்பீட்டு அட்டவணை கேட்கிறது என்று எழுதியிருந்தாய். வேகத்தை வைத்து முடிவெடுக்காதே என்பது என் முதல் வேண்டுகோள். ஆக்சிஸ்2, சிஎக்ஸ்எஃப் இரண்டுமே, இந்தச் சேவைகளின் செய்திகள் எழுதப்படும் எக்ஸ்எம்எல் வடிவத்தைப் படிப்பதற்கு வழக்கமாக உட்ஸ்டாக்ஸ் என்ற ஒரே நூலகத்தைத்தான் பயன்படுத்துகின்றன. ஒரு பாலிசி விவரத்தை எடுத்துத் தரும் அழைப்பில் நேரத்தின் பெரும்பங்கு தரவுத்தளத்தில் செலவாகும்போது, மிச்சமிருக்கும் சில மில்லி வினாடிகளுக்காக அடுத்த பத்தாண்டுக்கான அடித்தளத்தைத் தேர்ந்தெடுப்பது சரியாகாது. வெளியில் இருக்கும் வங்கிகளுக்கும் முகவர் நிறுவனங்களுக்கும் நீங்கள் கொடுத்திருக்கும், சேவையை எப்படி அழைப்பது என்று விவரிக்கும் டபிள்யூஎஸ்டிஎல் கோப்பு என்ன வாக்குக் கொடுத்திருக்கிறது, அந்த வாக்கைக் குலைக்காமல் எந்த ஃபிரேம்வொர்க் தாங்கும், அதைப் பராமரிக்க இன்னும் ஆட்கள் இருக்கிறார்களா என்பவைதான் எனக்கு முக்கியமாகப் படுகின்றன.

ஆக்சிஸ் 1.4-ஐ விட்டு வெளியேற வேண்டும் என்பதில் இரண்டாம் பேச்சே இல்லை. 2006 ஏப்ரலில் வந்த அந்தப் பதிப்புதான் அதன் கடைசிப் பதிப்பு. பாதுகாப்பான இணைப்பில் மறுமுனை காட்டும் சான்றிதழில் உள்ள பெயர், நாம் அழைத்த சர்வரின் பெயரோடு ஒத்துப்போகிறதா என்பதை அது சரிபார்ப்பதில்லை. வாடிக்கையாளரின் வங்கி விவரம் போய்வரும் பாதையில் இப்படி ஒரு குறையை வைத்திருக்கக் கூடாது.

நீ அனுப்பிய கோப்பின் துண்டைப் பார்த்தபோது என் கண்ணில் பட்டது வேறொன்று. செய்தி எந்த வடிவில் போகும் என்று சொல்லும் பைண்டிங் பகுதியில் பயன்பாட்டு வகை ‘என்கோடட்’, அதாவது தரவைத் தனிக் குறியீட்டு விதிகளின்படி எழுதும் வகை, என்று இருக்கிறது. எக்ஸ்எம்எல் செய்திகளைப் பரிமாறும் சோப் என்ற நெறிமுறையின் 1.1 பதிப்பு 2000-இல் வெளிவந்த காலத்து வழக்கம் அது. 2004-இல், வெவ்வேறு நிறுவனங்களின் வெப் சர்வீஸ்கள் ஒத்தியங்க விதி வகுத்த WS-I (டபிள்யூஎஸ்-ஐ) என்ற அமைப்பின் அடிப்படை வரையறை அதை விலக்கிவிட்டது. அதன் பிறகு வந்த, ஜாவாவில் வெப் சர்வீஸ் எழுதுவதற்கான ஜாக்ஸ்-டபிள்யூஎஸ் தரமும் அதை ஏற்கவில்லை. ஆகவே இந்தக் கோப்பை சிஎக்ஸ்எஃப்-இன் குறிநிரல் உருவாக்கும் கருவியிடம் கொடுத்தால் அது பிழை காட்டி நின்றுவிடும், மெட்ரோவும் அப்படியே. பெயர் ஒன்றாக இருப்பதால் ஆக்சிஸ்2 கைகொடுக்கும் என்று உங்கள் குழுவில் சிலர் நம்புவதாக எழுதியிருந்தாய். ஆனால் ஆக்சிஸ்2 முழுவதும் புதிதாக எழுதப்பட்ட ஃபிரேம்வொர்க், அதற்கும் இந்த என்கோடட் வகை தெரியாது. உங்கள் திட்டத்தின் உண்மையான சிக்கல் இங்கேதான் இருக்கிறது. ஒப்பீட்டு அட்டவணையில் இது ஒரு வரியாகக்கூட வராது.

ஆக்சிஸ்2-ஐப் பற்றிச் சொல்லும்போது எனக்கு எப்போதும் ஒரு மரியாதை உண்டு. அதன் பெரும்பங்கு கொழும்பில் உருவானது. டபிள்யூஎஸ்டிஎல் 1.1-ஐ எழுதியவர்களில் ஒருவரான சஞ்சீவ வீரவரண, ஐபிஎம் ஆய்வகத்தில் பணியாற்றியவர், இலங்கை திரும்பி லங்கா சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷனைத் தொடங்கியவர். அங்கே கூடிய இளம் பொறியாளர்கள்தாம் அதன் பல பகுதிகளை எழுதினார்கள். 2005-இல் பிறந்த டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனத்தின் தொடக்ககாலப் பொருட்கள் ஆக்சிஸ்2-இன் மேல் எழுந்தவை. நம் பக்கத்துத் தீவிலிருந்து உலகமெங்கும் போன ஒரு திறந்த மூல அடித்தளம் அது. தொழில்நுட்பமாகவும் அதில் நல்ல சிந்தனை உண்டு. செய்தியை மரவடிவில் வைத்திருக்கும் அதன் ஆக்சியம் என்ற பகுதி, வரும் எக்ஸ்எம்எல் முழுவதையும் நினைவகத்தில் ஏற்றாமல், கேட்கும் அளவுக்கு மட்டுமே மரத்தைக் கட்டுகிறது. சர்வரை நிறுத்தாமலே சேவையின் நிரல் அடங்கிய ஏஏஆர் கோப்பு ஒன்றை அதன் கோப்புறையில் போட்டுப் புதிய சேவையைத் தொடங்கலாம். பாதுகாப்புக்கு ராம்பார்ட்டும், செய்தி உறுதியாகச் சேர்வதற்கு சந்தேசாவும் தனித் தொகுதிகளாக வந்து இணைகின்றன.

இத்தனை இருந்தும் புதிய வேலைக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதன் கிளையன்ட் பக்கத்தில், அதாவது சேவையை அழைக்கும் பக்கத்தில், நானே பலமுறை பார்த்த ஒரு கோளாறைச் சொல்கிறேன். அழைப்பு முடிந்ததும் இணைப்பைத் துப்புரவு செய்யும் மெத்தடை நிரலாளர் அழைக்காமல் விட்டுவிடுவார். அதன் பழைய பதிப்புகள் நம்பியிருந்த எச்டிடிபி நூலகம், ஒரு சர்வருக்கு இரண்டு இணைப்புகள்தாம் என்று இயல்பாகவே வரம்பு வைத்திருக்கிறது. சோதனையில் ஒருவர் மட்டும் பயன்படுத்தும்போது எல்லாம் நன்றாக ஓடும். உற்பத்திச் சூழலில் இரண்டு இணைப்புகளும் திரும்ப வராமல் போனவுடன் மூன்றாவது அழைப்பு காத்துக்கிடந்து, இணைப்புக்குக் காத்திருந்து நேரம் முடிந்தது என்ற பிழையோடு விழும். எதிர்முனை சர்வர் நலமாகவே இருக்கும், பழி மட்டும் அதன் மேல் போகும். உங்களிடம் ஆக்சிஸ்2-இல் ஏற்கெனவே ஓடும் சேவைகள் ஏதேனும் இருந்தால் அவற்றை இப்போது தொட வேண்டாம். இந்த ஒன்றை மட்டும் சரிபார்த்துவிடு.

என் தேர்வு சிஎக்ஸ்எஃப். ஐயோனா நிறுவனத்தின் செல்டிக்ஸும் கோட்ஹவுஸ் தளத்தில் வளர்ந்த எக்ஸ்ஃபயரும் 2006-இல் ஒன்றாகி அப்பாச்சி என்ற திறந்த மூல அமைப்புக்குள் வந்து, 2008-இல் முழுத் திட்டமாயின. உள்ளே வரும் செய்திக்கும் வெளியே போகும் செய்திக்கும் தனித்தனியாக இன்டர்செப்டர்களின் (செய்தியை இடையில் பிடித்துக் கையாளும் சிறு நிரல்களின்) சங்கிலி உண்டு. பதிவு எழுதுதல், கையொப்பம் சரிபார்த்தல், மறையாக்கம் என ஒவ்வொன்றையும் அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியாகச் சேர்க்கலாம், நம் சேவை வகுப்பில் ஒரு வரிகூட மாறாது. ஸ்பிரிங் என்ற பரவலான ஜாவா ஃபிரேம்வொர்க்கோடு அது இயல்பாகப் பொருந்துகிறது. ஒரே இடைமுகத்தைச் சோப் சேவையாகவும், எளிய எச்டிடிபி அழைப்புகளால் இயங்கும் ரெஸ்ட் சேவையாகவும் வெளியிட முடிவதால், புதிய கூட்டாளிகளுக்கு ஜேசான் என்ற எளிய வடிவத்தில் தரவைக் கொடுத்துக்கொண்டே பழையவர்களைக் காப்பாற்றலாம். 2022 இறுதியில் வந்த 4.0 பதிப்பு, ஜாவா நிறுவன நூலகங்களின் புதிய பெயர்வரிசையான ஜகார்த்தா பெயர்வெளிக்கு மாறி ஜாவா 17-ஐக் கோருகிறது. உங்கள் பயணம் போகும் இடமும் அதுதான். ஒன்றை மட்டும் கவனி: கிளையன்ட் இணைப்புக்கு 30 வினாடியும் பதிலுக்கு 60 வினாடியும் அது இயல்பாகக் காத்திருக்கும். பிரீமியக் கணக்குத் திரையில் ஒருவர் அவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்க மாட்டார் என்பதால், ஒவ்வொரு சேவைக்கும் இந்த நேர வரம்பைத் தனியே வைத்துக்கொள்.

மெட்ரோவைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். அது சன் நிறுவனத்தில் அந்த ஜாக்ஸ்-டபிள்யூஎஸ் தரத்தின் முன்மாதிரியாகப் பிறந்தது. அதன் அடிப்படைப் பகுதி ஜாவா 6 முதல், ஜாவாவின் நிரலாக்கத் தொகுப்பான ஜேடிகே-யோடேயே வந்தது, 2018-இல் ஜாவா 11 அதை வெளியே எடுத்துவிட்டது, இப்போது எக்லிப்ஸ் அமைப்பிடம் இருக்கிறது. கிளாஸ்ஃபிஷ் சர்வரில் வாழ்பவர்களுக்கு அது வசதி, உங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

ஸ்பிரிங் வெப் சர்வீசஸின் மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. அது ஒப்பந்தத்தை முதலில் எழுதச் சொல்கிறது. ஜாவா வகுப்பை எழுதிவிட்டு அதிலிருந்து டபிள்யூஎஸ்டிஎல்-ஐப் பிழிந்தெடுக்கும் வழியே அங்கே இல்லை. உள்ளே யாரோ ஒரு மாறியின் பெயரை மாற்றினால் வெளியே ஒரு வங்கியின் அமைப்பு உடைந்துபோகும் ஆபத்தை அது வேரிலேயே தடுக்கிறது. சிஎக்ஸ்எஃப்-இல் இரண்டு வழியும் உண்டு. நீங்கள் சிஎக்ஸ்எஃப்-ஐ எடுத்தாலும், ஒப்பந்தத்தை முதலில் எழுதும் ஒழுங்கை மட்டும் கடைப்பிடிக்கும்படி உன் குழுவைக் கேட்டுக்கொள்.

இனி அந்த என்கோடட் சேவைகளை என்ன செய்வது என்பதற்கு வருகிறேன். கூட்டாளிகள் அனைவரையும் ஒரே நாளில் மாறச் சொல்வது நடக்காத காரியம். முதலில் புதிய சேவையை டாக்குமென்ட்-லிட்டரல் வகையில் (வரையறையில் உள்ளபடியே எக்ஸ்எம்எல்-ஐ எழுதும் வகையில்) தூய்மையாக எழுது. பழைய முகவரியில், சிஎக்ஸ்எஃப்-இன் புரொவைடர் வகைச் சேவை ஒன்றை வை. அது டபிள்யூஎஸ்டிஎல்-ஐப் படிக்க முயலாமல் வந்த எக்ஸ்எம்எல்-ஐ அப்படியே உன் கையில் கொடுக்கும். சோப் செய்தியின் உடற்பகுதியான பாடியின் உள்ளடக்கம் மட்டும் தரும் முறையைத் தேர்ந்தெடுக்காமல், முழுச் செய்தியையும் தரும் முறையைத் தேர்ந்தெடு. காரணம் இதுதான்: ஆக்சிஸ் 1 கிளையன்ட் ஒரு பாலிசிதாரர் விவரத்தை அனுப்பும்போது அதை உரிய இடத்தில் எழுதுவதில்லை. அந்த இடத்தில் ‘ஐடி0’ என்ற அடையாளத்தைச் சுட்டிவிட்டு, உண்மையான விவரத்தை பாடியின் அடியில் மல்டிரெஃப் என்ற தனி உறுப்பாக வைக்கிறது. பாடியின் முதல் உறுப்பை மட்டும் எடுத்தால் பெயரும் பிறந்த தேதியும் இல்லாத வெற்றுக் கூடுதான் கிடைக்கும். அந்தச் சுட்டிகளைத் தேடி உரிய இடத்தில் பொருத்தும் சிறு நிரலை எழுதி, புதிய சேவையை அழைத்து, பதிலைப் பழைய வடிவத்தில் திருப்பிக் கொடு. பழைய டபிள்யூஎஸ்டிஎல் கோப்பை எந்த மாற்றமும் இல்லாமல், சர்வருக்கு வரும் கோரிக்கையை முதலில் பார்க்கும் ஒரு ஃபில்டர் வழியாக அதே முகவரியில் வெளியிடு. கூட்டாளிகளுக்கு எதுவும் மாறியதாகத் தெரியாது. ஒவ்வொருவராகப் புதிய முகவரிக்கு வரும்போது பழையதைச் சுருக்கிக்கொள்ளலாம்.

எல்லாவற்றையும் ரெஸ்டாக மாற்றிவிட்டால் என்ன என்று உங்கள் இளைஞர்கள் கேட்பதில் தவறில்லை. புதிதாக வரும் கைபேசிச் செயலிக்கு அதுவே சரி. ஆனால் கையொப்பமிட்ட செய்தியை ஆதாரமாக வைத்துக்கொள்ளும் வங்கிகளுக்கு, செய்திக்குள்ளேயே கையொப்பத்தை வைக்கும் டபிள்யூஎஸ்-செக்யூரிட்டி தரம் தருவது இணைப்பை மட்டும் காக்கும் பாதுகாப்பில் கிடைக்காது. அவர்களோடு பேசாமல் அதை எடுத்துவிடாதீர்கள்.

இந்த வாரத்தில் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. சர்வரின் அணுகல் பதிவுகளிலிருந்து, பழைய முகவரிகளை இன்னமும் யார் யார் அழைக்கிறார்கள், எந்தச் செயல்பாட்டை அழைக்கிறார்கள் என்று ஒரு பட்டியல் எடு. டபிள்யூஎஸ்டிஎல்-இல் இருக்கும் செயல்பாடுகள் பலவற்றை எவருமே அழைப்பதில்லை என்பது இத்தகைய அமைப்புகளில் நான் வழக்கமாகக் காண்பது. அந்தப் பட்டியலையும், வாடிக்கையாளர் விவரம் எதுவும் இல்லாத மாதிரிச் செய்திகள் சிலவற்றையும் அனுப்பினால், அந்த மல்டிரெஃப் பொருத்தும் பகுதியை நாமிருவரும் தொலைபேசியில் உட்கார்ந்து எழுதிவிடலாம். சனிக்கிழமை காலை எனக்கு வசதி.

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

அன்புடன்,
சுந்தர்