கால்வாய்க் கரைப் பாதை குறித்து நம் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

பிரான்சின் ரெதோன் ஊரில் நம் கடையில் வாடகைக்கு எடுக்கும் சைக்கிள்களில் நீங்கள் போய்வருகிற கால்வாய்க் கரைப் பாதையைப் பற்றி, மூன்று வாரமாக ஒரு வீடியோ வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. உங்களில் பலர் அதை எனக்கே அனுப்பி, "இது உண்மையா?" என்று கேட்டீர்கள். சிலர் எதுவும் கேட்காமல் முன்பதிவை ரத்து செய்துவிட்டீர்கள். கேட்டவர்களுக்குத் தொலைபேசியில் பதில் சொல்லிவிட்டேன். கேட்காதவர்களுக்காகத்தான் இந்த மடல்.

வீடியோவில் இருப்பது இதுதான்: மழை விட்ட மதியம், மாலெஸ்த்ருவா ஊருக்கு முன்னால் கால்வாய்க் கரை, புல்லோரம் சாய்த்து நிறுத்திய சின்னச் சிவப்புச் சைக்கிள், எதிரே மெதுவாக வருகிற வெள்ளை வேன். "கார் வராத பாதை என்று சொல்லித்தானே காசு வாங்கினார்கள்?" என்று ஒரு குரல் கேட்கிறது. சிவப்புச் சைக்கிள் நம் கடையுடையதுதான். அதில் இருக்கும் பித்தளை மணியை நானே மாட்டினேன்.

அந்த வேன் கால்வாயைப் பராமரிக்கும் பணியாளர்களுடையது. நாந்த் நகரிலிருந்து ப்ரெஸ்ட் துறைமுக நகர் வரை சுமார் 360 கிலோமீட்டர் நீளும் இந்தக் கால்வாயில் 200-க்கும் மேற்பட்ட மதகுகள் இருக்கின்றன. படகுகள் படிப்படியாக ஏறி இறங்குவதற்கான மதகுகள் இவை. அவற்றின் கதவுகளுக்கு மசகு போட வேண்டும், கரைப் புல்லை வெட்ட வேண்டும், விழுந்த கிளையை அகற்ற வேண்டும். அந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு வேறு வழி கிடையாது. கரைப் பாதையில்தான் வர வேண்டும். மதகுக் காவலர் வீடுகளில் குடியிருப்பவர்களில் சிலருக்கும் அப்படித்தான். இவர்கள் அனுமதி பெற்றவர்கள். சைக்கிளைப் பார்த்தால் வேகத்தைக் குறைத்து ஒதுங்குவார்கள். வீடியோவை முழுவதும் பார்த்தால் அந்த வேனும் நின்றுவிட்டதைக் காணலாம். பரவுகிற பிரதியில் கடைசிச் சில நொடிகள் வெட்டப்பட்டிருக்கின்றன. யார் வெட்டினார்கள் என்று நான் தேடவில்லை. ஆனால் முழு வீடியோவை எனக்கு அனுப்பிவைத்த சகோதரிக்கு நன்றி சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பிரான்சில் 'வுவா வேர்த்', அதாவது பசுமை வழி, என்பது வெறும் விளம்பரச் சொல் இல்லை. 2004-ஆம் ஆண்டு அரசாணை மூலம் சாலை விதித் தொகுப்பிலேயே அதற்கு விளக்கம் சேர்க்கப்பட்டது: மோட்டார் இல்லாத வண்டிகளுக்கும், நடப்பவர்களுக்கும், குதிரையில் வருகிறவர்களுக்கும் மட்டும் ஒதுக்கிய வழி. நான் உங்களிடம் "கார் வராத பாதை" என்று சொன்னபோது இந்தப் பொருளில்தான் சொன்னேன். பதினொரு வருடமாக இதையேதான் சொல்லி வருகிறேன். ஊர் சார்ந்த சாலை குறுக்கிடும் இடத்தில் இறங்கிப் பார்த்துக் கடக்க வேண்டும் என்பதையும், மாதம் ஒரு முறை இப்படி ஒரு வேன் எதிரே வரலாம் என்பதையும் கூடவே சொல்லியிருக்க வேண்டும். இனிமேல் சொல்கிறேன்.

ஆனால் ஒன்றில் தவறு என்னுடையதுதான். வீடியோ எடுத்த அந்த வாரம் கரையின் ஒரு பகுதியை மூடிப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார்கள். மஞ்சள் நிற 'தேவியாசியோன்', அதாவது மாற்றுப்பாதை, பலகையைப் பின்பற்றி, அந்தச் சிவப்புச் சைக்கிளை வாடகைக்கு எடுத்த குடும்பம் ஆறு கிலோமீட்டர் கார் ஓடும் சாலையில் குழந்தையுடன் போக நேர்ந்தது. அறிவிப்பு முந்தைய நாள் மாலையே வந்திருந்தது. நான் பார்க்கவில்லை. அந்தக் குடும்பத்திடம் நேரில் பேசி மன்னிப்புக் கேட்டுவிட்டேன். வாடகையையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இப்போது தினமும் காலை ஏழரைக்கு அறிவிப்புகளைப் பார்த்து, கடை வாசல் பலகையில் எழுதி வைக்கிறேன்.

கரை மூடப்படுவது இங்கே அபூர்வமும் இல்லை. 2023 நவம்பர் 1-ஆம் தேதி இரவு சியரான் புயல் அடித்தபோது இந்தப் பிரெத்தாஞ் மாகாணம் முழுவதும் மரங்கள் சாய்ந்தன. கால்வாய்க் கரைகளில் விழுந்ததை அறுத்து எடுக்கவே வெகுநாள் ஆயிற்று. 2025 ஜனவரிக் கடைசியில் நம் ரெதோன் ஊருக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது. விலேன் ஆறும் ஊஸ்த் ஆறும் சேருகிற இடத்தில் இருக்கிறோம். அந்த ஆறுகளின் மேல்பகுதியில் பெய்கிற மழை எல்லாம் நம் வாசலுக்குத்தான் வருகிறது. வெள்ளம் வடிந்த பிறகு கரையில் நடந்தால், வேலிக் கம்பியில் இடுப்பு உயரத்துக்கு நாணல் சிக்கிக் காய்ந்திருக்கும். தண்ணீர் நின்ற மட்டத்தை அதை வைத்தே அளந்துவிடலாம்.

"தார் போடாத பாதையில் எங்களைத் தள்ளிவிட்டார்கள்" என்பது என்மீதான இரண்டாவது புகார். இந்தப் பாதை சரளைப் பாதை. மணலும் பொடி ஜல்லியும் கலந்து, நீர் தெளித்து, ரோலர் ஓட்டி இறுக்கியது. காய்ந்த நாளில் டயருக்கு அடியில் சரசரவென்று ஒரே சீராக ஒலிக்கும். அதைத் தவிர நாரை எழும்பும் சத்தம் மட்டும்தான் கேட்கும். ஒரு வாரம் மழை பெய்தால் மேல்தோல் இளகும். மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே சேறு அப்பிக்கொண்டு சக்கரம் உரசும். கீழே கிடக்கும் குச்சியால் சுரண்டிவிட்டால் போதும். நம் வண்டிகளுக்கு 40 மில்லிமீட்டர் டயர் போட்டிருப்பது இதற்காகத்தான். காற்றும் சற்றுக் குறைவாகத்தான் இருக்க வேண்டும். "டயர் தளர்வாக இருக்கிறது" என்று பெட்ரோல் நிலையத்தில் நிறுத்திக் கல் மாதிரி அடித்துவிடாதீர்கள். சரளையில் வழுக்கும், கையும் மரத்துப்போகும்.

தார் போட்டால் எனக்கும் வியாபாரம் கூடலாம். ஆனாலும் நான் அதை விரும்பவில்லை. இந்தக் கரை குதிரைகளும் மனிதர்களும் கயிறு கட்டிப் படகை இழுத்துக்கொண்டு நடந்த கரை. ஆங்கிலேயக் கப்பல்கள் கடலை மறித்தபோது ப்ரெஸ்ட் துறைமுகத்துக்கு உள்நாட்டு வழியாகச் சரக்கு போக வேண்டும் என்று நெப்போலியன் காலத்தில் திட்டமிட்ட கால்வாய் இது. முழுவதும் திறந்தது 1842-ல். குளோமெல் ஊரில் மேட்டை அறுத்து வழி செய்யக் கைதிகளைக் கொண்டுவந்து வருடக்கணக்கில் வெட்டவைத்தார்கள். பிறகு ரயில் வந்து சரக்கை எடுத்துக்கொண்டது. 1920-களில் 'கெர்லேதான்' என்ற அணையைக் குறுக்கே கட்டத் தொடங்கியபோது கால்வாய் நடுவில் துண்டாகிவிட்டது. அப்படி வேலை இழந்த கரை என்பதால்தான் இன்று இவ்வளவு அமைதி. ரோஹான், பொன்திவி ஊர்களுக்கு இடையே 25 கிலோமீட்டருக்குள் 50-க்கும் மேற்பட்ட மதகுகள். ஒவ்வொரு மதகுக் காவலர் வீட்டுச் சுவரிலும் அந்த மதகின் எண், பெயர், அடுத்த மதகுக்கு எவ்வளவு தூரம் என்று எழுதியிருக்கும். போன கோடையில் ஒரு எட்டு வயதுப் பெண் ஒவ்வொரு பெயரையும் தமிழில் நோட்டில் எழுதிக்கொண்டே வந்து, கடையில் எனக்குப் படித்துக் காட்டினாள்.

மழை வாரத்தில் குழந்தைகளுடன் வருகிறவர்களை இனி நான் மோரோன் ஊரிலிருந்து கெஸ்தம்பேர் ஊர் வரையிலான பழைய ரயில் தடத்துக்கு அனுப்பப் போகிறேன். 50 கிலோமீட்டருக்கு மேல் நீளம். தண்டவாளத்தை எடுத்துவிட்டுப் பாதையாக்கியது என்பதால் ஏற்றம் தெரியாது; பெரும்பாலும் ஆற்றை விட்டு மேட்டில் போவதால் தண்ணீர் சீக்கிரம் வடியும். ஜோஸ்லன் ஊர்க் கோட்டையின் மூன்று கோபுரங்களும் ஆற்றின்மேல் நிழல் விழ நிற்பதைப் பார்க்க வேண்டுமென்றால் மட்டும் கரைப் பாதைக்குத்தான் வர வேண்டும். ரெதோனிலிருந்து 60 கிலோமீட்டருக்குச் சற்று மேல். இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

பாரிஸின் லா ஷப்பலிலிருந்தும் புறநகர் சார்செலிலிருந்தும் காலை ரயிலில் சோற்றுப் பொட்டலத்துடன் வந்து இறங்கும் குடும்பங்கள் இல்லையென்றால் இந்தக் கடை இரண்டாவது வருடமே மூடியிருக்கும். வெள்ளத்தின்போது நீங்கள் தொலைபேசியில் விசாரித்ததை நானும் என் மனைவியும் மறக்கவில்லை. அடுத்த வாரமே பாரிஸிலிருந்து வந்து, ஈரமான கிடங்கைக் கூட்டிப் பெருக்கிய நான்கு தம்பிகளுக்கு இன்னும் ஒரு நன்றி.

பைகளை வேனில் ஏற்றி அடுத்த ஊரில் இறக்கித் தந்த நம் ஓட்டுநர் சொந்த ஊருக்குப் போய்விட்டதால் அந்த வசதி இந்தப் பருவத்தில் இல்லை. நாள் வாடகையும் 28 யூரோவிலிருந்து 34 யூரோ ஆகிறது. கேரியரில் மாட்டும் மழை நுழையாத பைகளைத் தனிக் காசு இல்லாமல் தருகிறேன்.

வருகிற சனிக்கிழமை முதல் காலை எட்டு மணிக்குக் கடை திறந்திருக்கும். ரத்து செய்தவர்களின் முன்பணத்தை அப்படியே வைத்திருக்கிறேன். வருவதானாலும் திரும்பப் பெறுவதானாலும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அந்தச் சிவப்புச் சைக்கிளைக் கழுவி, புது பிரேக் கட்டை போட்டு வாசலில்தான் நிறுத்தியிருக்கிறேன்.

அன்புடன்,
ரெதோன் சைக்கிள் கடைக்காரர்