சாய்ஸ் பூட்டுவதற்கு முன்னால்

அன்புள்ள மாப்ளே,

நாங்கள் நலம். உன் வீட்டில் என் தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். அம்மாவை ஒழுங்காக பிசியோதெரபிக்கு அனுப்பு. விளக்கெண்ணெயே போதும் என்று அவர்கள் சொல்வதைக் கேட்டு நீயும் தலையாட்டாதே.

உன் வாய்ஸ் மெசேஜை நேற்று ராத்திரி கூடாரத்துக்குள் படுத்துக்கொண்டு கேட்டேன். பொறியியல் கலந்தாய்வில் சாய்ஸ் பட்டியலைப் பூட்ட வேண்டிய நேரம், உன் பொண்ணு பாப்பா ஏரோ, அதாவது விமானப் பொறியியல் கேட்கிறாள், நீ ஏஐ டேட்டா சயின்ஸ்தான் என்று முடிவு பண்ணிவிட்டாய், நான் மாமா என்ற முறையில் அவளுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சொல்கிறேன், ஆனால் முதலில் உனக்குத்தான். நான் எங்கே உட்கார்ந்து இதை எழுதுகிறேன் என்பதைக் கேட்டுவிட்டு அப்புறம் கோபப்படு.

விஸ்கான்சினில் ஆஷ்காஷ். வருஷா வருஷம் ஜூலை கடைசியில் இங்கே நடக்கும் விமானத் திருவிழாவைப் பற்றி ஹாஸ்டல் மொட்டை மாடியில் நீதான் எனக்கு முதலில் சொன்னாய். லைப்ரரியிலிருந்து அட்டை கிழிந்த அந்தப் பத்திரிகையைச் சட்டைக்குள் ஒளித்துக் கொண்டுவந்தவன் நீ. அந்த ஆஷ்காஷுக்கு நாங்கள் கட்டிய ஆர்வி-9ஏ என்ற சின்ன விமானத்திலேயே பறந்து வந்து இறங்கியிருக்கிறோம், நானும் என் மனைவியும், அதாவது உன் தங்கச்சியும்.

வந்து இறங்குவதே ஒரு அனுபவம். ரிப்பன் என்ற சின்ன ஊர் வழியாக வந்து, அங்கிருந்து ரயில் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டே ஃபிஸ்க் வரை போக வேண்டும். வேகம் 90 நாட், உயரம் 1,800 அடி, முன்னால் போகிற விமானத்துக்கு அரை மைல் பின்னால். ரேடியோவில் நாம் பேசக் கூடாது. ஃபிஸ்க்கில் கண்ட்ரோலர்கள் தரையில் நின்று பைனாகுலரில் பார்த்துக்கொண்டே, நிறத்தையும் வகையையும் வைத்துக் கூப்பிடுகிறார்கள். ‘வெள்ளை ஆர்வி, இறக்கையை ஆட்டு’ என்று குரல் வந்ததும் ஆட்டினேன். ‘நல்லா ஆட்டினே’ என்று பாராட்டிவிட்டு எந்த ஓடுதளம் என்று சொன்னார்கள். அந்த ஓடுதளத்தில் பெரிய பெரிய வண்ணப் பொட்டுகள் இருக்கின்றன. நமக்குப் பச்சைப் பொட்டு, அதே நேரத்தில் அதே ஓடுதளத்தில் இன்னொருவருக்கு ஆரஞ்சுப் பொட்டு. உன் தங்கச்சி வலது பக்கம் வருகிறவர்களை விடாமல் சொல்லிக்கொண்டே வந்தாள். சக்கரம் தொட்டதும் புல்வெளிக்குத் திரும்பச் சொன்னார்கள். அந்த ஒரு வாரம் உலகத்திலேயே அதிக நெரிசலான கண்ட்ரோல் டவர் இதுதான். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் வந்து சேருகின்றன மாப்ளே. நம் மீனம்பாக்கத்தை நினைத்துப் பார்.

வீட்டில் கட்டிய விமானங்களுக்கென்று தனியாக ஒரு புல்வெளி. வரிசையாக விமானம், பக்கத்தில் கூடாரம், மறுபடி விமானம், கூடாரம். மூன்று இடத்தில் முறுக்காணி அடித்து விமானத்தைத் தரையோடு கட்ட வேண்டும். நம்முடையதில் இறக்கை தாழ்வு என்பதால் அதன் நிழலில் உட்கார வழியில்லை. எதிர் வரிசையில் உயர்ந்த இறக்கைக்காரர்கள் நாற்காலி போட்டுக்கொண்டு மகாராஜா மாதிரி உட்கார்ந்திருக்கிறார்கள். சாப்பாட்டுக்குப் புளியோதரையும் இட்லிப் பொடியும். எடை பார்த்துப் பார்த்து ஏற்றியதில் என் செருப்பைக்கூட உன் தங்கச்சி இறக்கிவிட்டாள், ஊறுகாய் பாட்டிலை மட்டும் இறக்கவில்லை.

செவ்வாய் ராத்திரி மேற்கே மின்ன ஆரம்பித்தது. காற்று வந்த வேகத்தில் கூடாரத் துணி முகத்தில் அறைந்தது. வெளியே ஓடி வந்து காற்றில் ஆடாமலிருக்க விமானத்தின் கட்டுப்பாட்டு ஸ்டிக்கை சீட் பெல்ட்டால் இறுக்கினேன். கயிற்றைப் பார்க்கக் குனிந்தபோது ஏற்கெனவே அங்கே ஒரு டார்ச் வெளிச்சம். பக்கத்து விமானத்துக்காரர், ஓய்வு பெற்ற வெல்டர். தன்னுடையதைப் பார்த்துவிட்டு என்னுடையதன் முடிச்சைச் சோதித்துக்கொண்டிருந்தார். அது முடிந்ததும் ஊருக்குள் சாப்பிடப் போயிருந்த யாரோ ஒருவரின் விமானத்துக்கு நாங்கள் இருவரும் போனோம். அதில் ஒரு ஆணி பாதி வெளியே வந்திருந்தது. மழையில் அவர் இறக்கையைப் பிடித்துக்கொள்ள, நான் மறுபடி திருகினேன். யார் விமானம் என்று இதுவரை எனக்குத் தெரியாது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

அந்த வெல்டர் இரண்டு விமானம் கட்டியவர். இந்தப் பக்கம் இருக்கிற அம்மா பள்ளிக்கூடத்தில் வேதியியல் டீச்சர், கணவரோடு சேர்ந்து கட்டியிருக்கிறார். வீட்டில் விமானம் கட்டுகிறவர்களின் இந்த இயக்கமே பால் போபெரெஸ்னி என்பவர் 1953-இல் மில்வாக்கியில் தன்னைப் போன்ற கொஞ்சம் பேரைச் சேர்த்துக்கொண்டு ஆரம்பித்ததுதான். 1955-இல் ஒரு பத்திரிகையில், 800 டாலருக்குள் நீங்களே விமானம் கட்டலாம் என்று அவருடைய கட்டுரை வந்து, அதைப் பார்த்துத்தான் ஊர் ஊராக ஆள் சேர்ந்தது. 1970-லிருந்து திருவிழா ஆஷ்காஷில். சட்டமும் இவர்களுக்கு ஒரு வழி விட்டிருக்கிறது: கற்றுக்கொள்வதற்காகவோ ஆர்வத்துக்காகவோ பாதிக்கு மேல் உன் கையால் கட்டினாய் என்று காட்டு, சோதனைப் பறத்தலை முடி, பறந்துகொள். கட்டியவன் என்பதால் வருஷாந்திரப் பரிசோதனையை நானே செய்து கையெழுத்துப் போடலாம்.

நாம் நாலு வருஷம் படித்தோம். இறக்கையைத் தாங்கும் உத்தரமான விங் ஸ்பார் எவ்வளவு வளைவைத் தாங்கும் என்று பெண்டிங் மொமெண்ட் கணக்குப் போட்டு மார்க் வாங்கினோம், நீ என்னைவிட அதிகம். ஆனால் ஸ்பாரைத் தொட்டது எப்போது? நான் தொட்டது கராஜில், நாற்பது தாண்டிய பிறகு. தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணியை அடிக்கிற துப்பாக்கி என் கையில், தகட்டுக்கு அந்தப் பக்கம் இரும்புக் கட்டியோடு உன் தங்கச்சி. சரியாக அடித்தால் சத்தம் கெட்டியாக இருக்கும். கட்டி கொஞ்சம் சாய்ந்தாலும் சத்தம் சிதறும், பார்க்காமலே அவள் ‘இது போச்சு, துளை போட்டு எடு’ என்பாள். ஒரு துளையின் ஓரத்தில் பிசிறு விட்டால் அங்கிருந்து விரிசல் பிடிக்கும் என்று தாடி சார் போர்டில் எழுதியதை அன்றைக்கு வெறுமனே நோட்டில் எடுத்துக்கொண்டோம். விரல் நுனியை அந்தப் பிசிறு கீறியபோதுதான் எனக்கு அது உறைத்தது.

நேற்று சின்னப் பிள்ளைகள் பகுதிக்குப் போனோம். பத்து வயதுகூட இருக்காது, ஒரு பெண் ஜோராக ரிவெட் அடித்துக்கொண்டிருந்தாள். இன்னொரு பக்கம் பள்ளிப் பிள்ளைகள் சேர்ந்து கட்டிய ஒரு ஆர்வி-12 நின்றது. எரிபொருள் குழாயை ஏன் அப்படி வளைத்துக் கொண்டுபோனோம் என்று பதினேழு வயசுப் பெண் ஒருத்தி எனக்கு விளக்கினாள். எனக்கு உடனே நம் பாப்பா ஞாபகம். ஆறாம் வகுப்பில் தெர்மாகோல் கிளைடரை உன் வீட்டு மாடியிலிருந்து விட்டு, அது வலது பக்கமே திரும்புகிறது என்று எனக்கு வீடியோ அனுப்பினாளே, அடுத்த வீடியோவில் வாலில் ஒரு துண்டு அட்டை ஒட்டி நேராக்கியிருந்தாள். அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

வேலை கிடைக்காது என்கிறாய். உன் பயம் நியாயமானது, பொய் சொல்ல மாட்டேன். நம் செட்டில் பாதிப் பேர் மென்பொருளுக்குத்தான் வந்தோம். ஆனால் வந்தோம் இல்லையா? ஏரோ படித்த எங்களை அங்கே யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. குண்டனும் அண்ணாச்சியும் இன்றைக்கு எங்கே இருக்கிறார்கள் என்று உனக்கே தெரியும். டேட்டா சயின்ஸ் படித்தவள் நாலு வருஷம் கழித்து ஏரோவுக்குப் போக நினைத்தால் எவ்வளவு சுற்ற வேண்டும்? நான் சுற்றியிருக்கிறேன். அதற்குள் தலை நரைத்துவிட்டது. அவளுடைய கட்-ஆஃபுக்கு நாம் படித்த எம்.ஐ.டி. கிடைக்கும் என்று நீயே சொல்கிறாய். குரோம்பேட்டை மாப்ளே, நம் குரோம்பேட்டை! அதை எட்டாவது சாய்ஸாகப் போட உனக்கு எப்படிக் கை வந்தது?

நீ அப்பா, கடைசி வார்த்தை உன்னுடையது. ஆனால் நம் ராம்ஜெட் இன்ஜின் ப்ராஜெக்டை உன் அப்பா என்ன சொன்னார், அன்று ராத்திரி நீ எப்படி இருந்தாய் என்பதை நான் மறக்கவில்லை. அந்த ரூமில் நானும்தான் இருந்தேன்.

எப்போது பூட்ட வேண்டும் என்று தேதி அனுப்பு. அதற்கு முன்னால் ஒருநாள், அங்கே காலை ஏழு மணிக்கு வீடியோ கால் போடு. நீ மட்டும் வராதே, அவளையும் உட்கார வை. காக்பிட்டில் உட்கார்ந்து வயரிங்கிலிருந்து வால் வரைக்கும் காட்டுகிறேன், கேள்விகளை அவளே கேட்கட்டும். பாஸ்போர்ட் இல்லையென்றால் இப்போதே விண்ணப்பித்து வை. அடுத்த ஜூலையில் கல்லூரி விடுமுறை எப்படி வருகிறது என்று பார்த்துக்கொள்ளலாம், டிக்கெட் என் பொறுப்பு.

உன் தங்கச்சி உனக்குத் தனியாக ஒரு மெசேஜ் அனுப்பப்போகிறாளாம். அதில் இத்தனை மரியாதை இருக்காது.

உன் ரூம்மேட்