திபிலிசியில் டாக்டருக்குப் படிக்கும் மாப்பிள்ளைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுகிறேன். குடும்ப வாட்ஸப் குரூப்பில் நீ போட்ட வாய்ஸ் மெசேஜுக்கு அங்கேயே பதில் சொல்லியிருப்பேன், அதற்குள் உன் அம்மா நடுவில் புகுந்து "இங்க அரசியல் பேசாதீங்க" என்று இரண்டு பேர் வாயையும் அடைத்துவிட்டாள். அப்புறம் யோசித்தால், ஜார்ஜியாவுக்குப் பிள்ளையை எம்பிபிஎஸ் படிக்க அனுப்பிவிட்டு யூடியூபில் போலீஸ் தண்ணீர் பீய்ச்சுவதைப் பார்த்து வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருக்கும் வீடுகள் நம் பக்கம் நிறைய இருக்கின்றன, அவர்களும் படிக்கட்டுமே என்று பொதுவிலேயே எழுதுகிறேன். உன் பெயரைப் போடவில்லை, பயப்படாதே.

நீ சொன்னது இதுதானே: திபிலிசியில் நாடாளுமன்றத்துக்கு முன்னால் இருக்கும் ருஸ்தாவேலி ரோட்டை ராத்திரி ராத்திரி மறிக்கிறார்கள், பஸ் சுற்றிக்கொண்டு போகிறது, இவர்களுக்கு வேறு வேலை கிடையாது, எல்லாம் ஐரோப்பாவுக்கு ஓட விசா கேட்டு நடக்கிற கூத்து. பஸ் சுற்றிப் போவது எரிச்சல்தான், மறுக்கவில்லை. ஆனால் விசா கதை தப்பு. ஜார்ஜியப் பாஸ்போர்ட்காரர்கள் விசா இல்லாமலேயே ஷெங்கன் நாடுகளுக்கு, அதாவது ஒரே விசா செல்லும் ஐரோப்பிய நாடுகளுக்குப் போய் மூன்று மாதம் வரை தங்கலாம் என்ற வசதி 2017 மார்ச்சிலேயே வந்துவிட்டது. ஓட நினைத்தவன் எப்போதோ டிக்கெட் போட்டு ஓடியிருப்பான், டிசம்பர் குளிரில் நாடாளுமன்ற வாசலில் வந்து நிற்க மாட்டான்.

அவர்கள் நிற்க ஆரம்பித்தது 2024 நவம்பர் 28 அன்று. அதற்கு ஒரு மாதம் முன்னால், அக்டோபர் 26-ல் தேர்தல். ஆளும் ஜார்ஜியக் கனவு கட்சி ஓட்டுக் கேட்ட கோஷமே "அமைதியோடு, கண்ணியத்தோடு, வளமையோடு ஐரோப்பாவுக்கு" என்பதுதான். சுமார் 54 சதவீத ஓட்டும் 150-ல் 89 இடமும் கிடைத்ததாகத் தேர்தல் ஆணையம் அறிவித்தது. எதிர்க்கட்சிகள் ஏற்கவில்லை, அப்போதைய ஜனாதிபதி சலோமே ஜுராபிஷ்விலியும் ஏற்கவில்லை. அந்தச் சண்டை ஓய்வதற்குள் பிரதமர் இராக்லி கோபாகிட்ஸே வந்து, 2028 முடியும் வரை ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரும் பேச்சுவார்த்தையை எடுக்கப்போவதில்லை என்று அறிவித்தார். ஐரோப்பாவுக்குக் கூட்டிப்போகிறேன் என்று ஓட்டு வாங்கி ஒரு மாதம் ஆனதும் நாலு வருஷம் கழித்துப் பார்க்கலாம் என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? அதுவும் அந்நாட்டு அரசமைப்புச் சட்டத்தின் 78-ஆவது பிரிவே, ஐரோப்பிய ஒன்றியத்திலும் நேட்டோவிலும் முழுமையாகச் சேர அரசின் உறுப்புகள் தங்களால் ஆன எல்லா நடவடிக்கையும் எடுக்க வேண்டும் என்கிறது. அந்த வரியைச் சேர்த்ததும் இதே கட்சி ஆட்சியில்தான்.

சரி, ஏன் இப்படித் திரும்பினார்கள்? ரஷ்யா மிரட்டியது, கட்சியை ஆட்டுவிக்கும் முதலாளி ரஷ்யாவில் சம்பாதித்தவர், இப்படி ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. என் கணக்கு வேறு. அதற்கு நீ இருபது முப்பது வருஷம் பின்னால் போக வேண்டும்.

1990-களில் திபிலிசியில் கரண்ட் இருக்காது, குளிருக்கு மண்ணெண்ணெய் அடுப்புதான். ரோட்டில் போலீஸ் கையைக் காட்டினால் காசு எடுத்துத்தான் ஆக வேண்டும். 2003 நவம்பரில் ரோஜாப் புரட்சி என்ற மக்கள் போராட்டம், ஜனாதிபதி ஷெவர்ட்நாட்ஸே போனார், அந்த இடத்துக்குச் சாகாஷ்விலி வந்தார். போக்குவரத்துப் போலீஸை, ஆள் மாற்றி ஆள் மாற்றித் திருத்தாமல், படையையே கூண்டோடு கலைத்து ஆயிரக்கணக்கானவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் புதிதாக ஆள் எடுத்தார்கள். போலீஸ் ஸ்டேஷனைக் கண்ணாடியில் கட்டினார்கள், உள்ளே நடப்பது வெளியே தெரியட்டும் என்று. ஆற்றங்கரையில் வெள்ளைக் காளான் குடைகளை அடுக்கியது மாதிரி ஒரு பெரிய கட்டிடம் இருக்குமே, அதுதான் பொதுச்சேவை மையம். பாஸ்போர்ட், பிறப்புச் சான்றிதழ், பத்திரப் பதிவு எல்லாம் அந்த ஒரே கூரைக்குக் கீழே, புரோக்கர் இல்லாமல். நம்மூர் பத்திரப் பதிவு ஆபீஸ் வாசலில் ஒரு மதியம் முழுக்க நின்றவனுக்குத்தான் அந்தக் கட்டிடத்தின் அருமை தெரியும்.

ஆனால் அதே சாகாஷ்விலி 2007 நவம்பரில் கூட்டத்தைக் கலைக்கப் போலீஸை ஏவினார், ஒரு டிவி சேனலுக்குள் ஆயுதத்தோடு ஆளை அனுப்பினார். கோர்ட்டில் குற்றம் சாட்டப்பட்டு நின்றவன் விடுதலையாகி வருவது அபூர்வத்திலும் அபூர்வம். 2012 செப்டம்பரில், தேர்தலுக்குச் சில நாள் முன்னால், சிறையில் கைதிகளைச் சித்திரவதை செய்யும் வீடியோ வெளியே வந்தது, அதோடு அவர் கதை முடிந்தது. அந்தத் தேர்தலில் ஜெயித்து வந்தவர்தான் ஜார்ஜியக் கனவு கட்சியைத் தொடங்கிய பிட்ஸினா இவானிஷ்விலி. ரஷ்யாவில் பல நூறு கோடி டாலர் சம்பாதித்து ஊர் திரும்பியவர், திபிலிசி மேல் மலையில் கண்ணாடியும் இரும்புமாக மாளிகை கட்டியிருப்பவர், நூறு வயது மரங்களை வேரோடு பெயர்த்துக் கடல் வழியே மிதக்கவிட்டுத் தன் பூங்காவுக்குக் கொண்டுபோனவர். ஒரு வருஷம் பிரதமராக இருந்தார், 2013-ல் விலகினார். இன்று அவருக்கு அரசாங்கப் பதவி எதுவும் இல்லை, கட்சியில் "கௌரவத் தலைவர்", அவ்வளவுதான். ஆனால் அவர் கம்பெனியில் வேலை பார்த்த ஒருவர் இரண்டு தடவை பிரதமராக இருந்திருக்கிறார். நம்மூர்க்காரனுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வீட்டுக்குப் புதுசாக வெள்ளையடித்து, வாசலுக்கு கிரானைட் போட்டு, பீரோ சாவியை மட்டும் பெரியவர் இடுப்பிலேயே முடிந்துவைத்துக்கொண்ட கதை அது. அந்தச் சாவிதான் நீதித்துறை. நீதிபதிகளை நியமிப்பது, மாற்றுவது, ஒழுங்கு நடவடிக்கை எடுப்பது எல்லாம் நீதித்துறை உயர் கவுன்சில் கையில். அதைப் பிடித்திருக்கும் சிறு கூட்டத்தை அந்த ஊரில் "கிளான்" என்றே சொல்கிறார்கள். சாகாஷ்விலி காலத்தில் நாற்காலியில் இருந்த சிலர் இந்தக் காலத்திலும் பெரிய நாற்காலியில் இருக்கிறார்கள், ஆட்சிதான் மாறியது. 2023 ஏப்ரலில் அமெரிக்காவே நான்கு ஜார்ஜிய நீதிபதிகளுக்கு விசா தடை போட்டது.

ஐரோப்பா கேட்ட மற்றதையெல்லாம் ஜார்ஜியா மடமடவென்று செய்தது. உணவுத் தரம், பாஸ்போர்ட்டில் சிப், எல்லைச் சோதனை, சுங்க விதி, எதுவும் யாருடைய அதிகாரத்தையும் தொடவில்லை. கோர்ட்டைத் தொடு என்றதும் கை நின்றது. 2021-ல் ஐரோப்பிய கவுன்சில் தலைவர் சார்ல்ஸ் மிஷேல் நேரில் வந்து உட்கார்ந்து ஏப்ரலில் ஆளுங்கட்சிக்கும் எதிர்க்கட்சிகளுக்கும் நடுவே ஓர் ஒப்பந்தம் எழுதவைத்தார், நீதித்துறைச் சீர்திருத்தமும் அதில் இருந்தது. ஜூலையில் ஆளுங்கட்சி அதிலிருந்து விலகியது. ஆகஸ்ட் கடைசியில் இன்னும் வேடிக்கை: ஐரோப்பா குறைந்த வட்டிக்குத் தர இருந்த ஏழரைக் கோடி யூரோ கடனை வேண்டாம் என்று ஜார்ஜியா சொல்லிவிட்டது. கடனைக் குறைக்கப் போகிறோம் என்றார்கள். அந்தப் பணத்துக்கு நிபந்தனை நீதித்துறைச் சீர்திருத்தம், அது நிறைவேறவில்லை என்று ஐரோப்பிய அதிகாரிகள் சொன்னார்கள். உக்ரைன் போருக்கு முன்னால் நடந்தது இது, கவனி. 2024-ல் திடீரென்று மனசு மாறியது என்பவர்களிடம் நான் இந்தக் கடன் கதையைத்தான் சொல்வேன்.

பிறகு போர் வந்தது. 2022 மார்ச் 3 அன்று ஜார்ஜியாவும் மால்டோவாவும் ஒரே நாளில் சேர்க்கை மனு கொடுத்தன. ஜூனில் உக்ரைனுக்கும் மால்டோவாவுக்கும் வேட்பாளர் தகுதி, அதாவது ஒன்றியத்தில் சேரும் வரிசையில் இடம், ஜார்ஜியாவுக்குப் பன்னிரண்டு வேலைகள் கொண்ட பட்டியல். நீதித்துறையைச் சரிசெய்வது அதில் இருந்தது. பெரும்பணக்காரர் கையிலிருந்து அரசியலை எடுப்பதும் இருந்தது. மலை மேல் மாளிகையில் உட்கார்ந்து அதைப் படிக்கிறவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீயே யோசித்துக்கொள்.

இங்கே நீ ஒரு கேள்வி கேட்பாய், கேட்கத்தான் வேண்டும்: வெளிநாட்டுப் பணம் வாங்கும் அமைப்புகளுக்கு ஜார்ஜியா சட்டம் போட்டால் என்ன தப்பு, இந்தியாவில் அதற்கென்றே எஃப்சிஆர்ஏ சட்டம் இல்லையா? இருக்கிறது மாப்ளே. அதனால்தான் அந்தச் சட்டத்தை எப்படியெல்லாம் பயன்படுத்தலாம் என்பது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஜார்ஜியாவில் வருமானத்தில் 20 சதவீதத்துக்கு மேல் வெளியிலிருந்து வந்தால், "அந்நிய சக்தியின் நலனுக்காக இயங்கும் அமைப்பு" என்று தன்னைத்தானே பதிவு செய்துகொள்ள வேண்டும் என்றார்கள். 2023 மார்ச்சில் "அந்நியச் செல்வாக்கின் முகவர்" என்ற பெயரோடு வந்தது, தெரு கொதித்ததும் வாபஸ். 2024-ல் பெயரை மட்டும் இப்படி மாற்றி அதையே திரும்பக் கொண்டுவந்து மே மாதம் நிறைவேற்றி, ஜனாதிபதியின் வீட்டோவையும் தூக்கிப் போட்டார்கள். சின்ன நாடு, சுமார் 39 லட்சம் ஜனம். உள்ளூரில் பெரிய பணம் என்றால் முக்கால்வாசி மலை மேலேயே இருக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் தேர்தலைக் கண்காணிக்கும் சங்கமும் சின்னப் பத்திரிகையும் வெளிப் பணம் இல்லாமல் எப்படி நடக்கும்?

கோர்ட் ஏன் சாவி என்கிறேன் என்பதற்கு 2024 அக்டோபர் தேர்தலிலேயே உதாரணம் இருக்கிறது. நம்மூர் மாதிரி பட்டன் கிடையாது. காகிதச் சீட்டில் மார்க்கர் பேனாவால் வட்டத்தை நிரப்பி மிஷினில் விட வேண்டும். மை பின்பக்கம் ஊறித் தெரிந்ததால் யாருக்குப் போட்டோம் என்பது பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரிந்துவிடுகிறது என்று வழக்கு. தெத்ரிட்ஸ்கரோ என்ற சின்ன ஊரின் நீதிபதி ஒருவர், ஆமாம், ரகசியம் கெட்டுவிட்டது என்று சில வாக்குச்சாவடிகளின் முடிவைச் செல்லாது என்றார். நாடு முழுக்க இதே வழக்கு. அப்படித் தீர்ப்பு எழுதத் துணிந்தது அவர்தான். திபிலிசி மேல்முறையீட்டு நீதிமன்றம் சில நாட்களில் அதை ரத்து செய்துவிட்டது.

ஆளுங்கட்சி பக்கம் ஒரே ஒரு வாதம் எனக்கு உறைக்கிறது, போர் பயம். 2008 ஆகஸ்டில் ஐந்து நாள் போரில் ரஷ்ய டாங்கி உள்ளே வந்தது. அப்காசியா, தெற்கு ஒசேத்தியா என்று நாட்டில் ஐந்தில் ஒரு பங்கு இன்றும் கையில் இல்லை. உன் வீட்டுக்காரப் பாட்டி மாதிரி ஆட்களுக்கு அது படித்த வரலாறு இல்லை. நீ போய்ச் சேர்ந்த 2024 செப்டம்பரில் ஊரெல்லாம் பேனர் பார்த்திருப்பாய்: ஒரு பாதியில் குண்டு விழுந்து இடிந்த உக்ரைன் தேவாலயம் கறுப்பு வெள்ளையில், மறு பாதியில் ஜார்ஜியத் தேவாலயம் பளிச்சென்று கலரில். மட்டமான விளம்பரம், ஆனால் வேலை செய்யும் விளம்பரம். அந்தப் பயத்துக்கு எதிர்க்கட்சிகள் இதுவரை உருப்படியான பதில் எதுவும் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. அவர்கள் ஒருவரையொருவர் திட்டவே பொழுது சரியாக இருக்கிறது.

ஐரோப்பாவும் யோக்கியம் இல்லை. பன்னிரண்டில் மூன்று வேலைதான் முடிந்திருக்கிறது என்று 2023-ல் அவர்களே சொல்லிவிட்டு, அதே டிசம்பரில் இன்னும் ஒன்பது நிபந்தனையோடு வேட்பாளர் தகுதியையும் கொடுத்தார்கள். ஆளுங்கட்சி அதைத் தன் சாதனையாக மேடை மேடையாகக் காட்டியது. தேர்தல் முடிந்த இரண்டாம் நாளே ஹங்கேரியின் அப்போதைய பிரதமர் ஓர்பான் திபிலிசிக்குப் பறந்து வந்து வாழ்த்தினார். அவர் மறிக்கிறார் என்று சொல்லியே ஒன்றியமாகச் சேர்ந்து தடை விதிக்காமல் காலம் தள்ளினார்கள். தூதரகப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு விசா சலுகையை நிறுத்தியதுதான் 2025 தொடக்கத்தில் அவர்கள் காட்டிய பெரிய கோபம்.

ஜார்ஜிய அரசு பக்கம் கோபம் எப்படித் தெரியுமா? ரோட்டை மறித்தால் அபராதம் 5000 லாரி (அந்த ஊர்ப் பணம்) என்று வைத்தார்கள், நம் காசில் ஒன்றரை லட்சத்துக்கு மேல், அங்கே பலருக்கு இரண்டு மாதச் சம்பளம். கேமராவில் முகத்தைப் பார்த்து வீட்டுக்கு நோட்டீஸ் வந்தது. 2025 அக்டோபரில் அதையும் மாற்றி நேராக லாக்கப் என்றார்கள். பாத்துமி என்ற ஊரில் இரண்டு செய்தி நிறுவனங்களைத் தொடங்கி நடத்திய ம்ஸியா அமக்லோபேலி, ஒரு போலீஸ் அதிகாரியைக் கன்னத்தில் அறைந்தார் என்று 2025 ஜனவரியில் கைதானார். ஐம்பது வயதுக்காரர், 38 நாள் உண்ணாவிரதம் இருந்தார், பார்வை மோசமானது, ஆகஸ்டில் இரண்டு வருஷம் சிறை என்று தீர்ப்பு. ஐரோப்பிய நாடாளுமன்றம் அந்த வருஷ சகாரோவ் பரிசை அவருக்கும் பகிர்ந்து கொடுத்தது. அறைந்தது சரி என்று நான் சொல்லவில்லை. இரண்டு வருஷமா?

புது ஜனாதிபதி பழைய ஃபுட்பால்காரர், கவெலாஷ்விலி, மான்செஸ்டர் சிட்டியில் ஆடியவர். உங்கள் மேயர் கலாட்ஸே ஏசி மிலானில் ஆடியவர். இதை நீயே ஒருநாள் பெருமையாகச் சொன்னாய். 2024 டிசம்பரில் ஜனாதிபதி தேர்தலில் நின்ற ஒரே வேட்பாளர் கவெலாஷ்விலிதான் என்பதை மட்டும் சொல்லவில்லை.

அப்புறம், இத்தனை சொன்னதால் நீயும் கொடியைத் தூக்கிக்கொண்டு போய் நிற்காதே. உனக்கு அங்கே ஓட்டு இல்லை, இருப்பது ஸ்டூடன்ட் பர்மிட், அதில் கை வைத்தால் ஆறு வருஷப் படிப்பும் உன் அப்பா போட்ட லோனும் போச்சு. காலேஜ் குரூப்பில் கருத்துச் சொல்வதையும் நிறுத்து, இரண்டு பக்கமும்தான். உன் வகுப்பில் ஜார்ஜியப் பிள்ளைகள் இருப்பார்களே, யாராவது ராத்திரி அங்கே போய்விட்டுக் காலையில் கண் சிவந்து லேப்புக்கு வந்தால், கிண்டல் பண்ணாமல் நோட்ஸைக் கொடு. வாடகை ஏறியதற்கும் அவர்களைத் திட்டாதே. அது 2022-ல் ரஷ்யாவிலிருந்து கூட்டம் கூட்டமாக வந்து வீடு பிடித்தவர்களால் ஏறியது.

பஸ் சுற்றிப் போகும் நாட்களில் மெட்ரோவில் போ. பாட்டிக்கு நான் கொடுத்தனுப்பிய தேயிலைப் பாக்கெட்டைக் கொடுத்தாயா இல்லையா என்று இன்னும் நீ சொல்லவில்லை.

மாமா