தாங்குவது வேறு, வளர்வது வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொடுஞ்சூழல் நுண்ணுயிரிகளைப் பற்றி உங்கள் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரை, பேசிலஸ் பாக்டீரியாக்களின் அகவித்தையும் (பாதகமான சூழலைக் கடக்க அவை உருவாக்கும் உறங்குநிலை வடிவம்) வெந்நீர் ஊற்றுகளில் வாழும் தெர்மஸ் அக்வாட்டிகஸையும் 'வெப்பத்தில் வாழும் பாக்டீரியா' என்று ஒரே பட்டியலில் போட்டிருந்தது. அகவித்து அங்கே வாழவில்லை, சாகாமல் கிடக்கிறது. ஆய்வகத்தில் கருவிகளைக் கிருமிநீக்கம் செய்பவருக்கு இந்த வேறுபாடுதான் முக்கியம்.

தெர்மஸ் அக்வாட்டிகஸ், யெல்லோஸ்டோன் ஊற்றுகளில் 1966-இல் சேகரிக்கப்பட்டு, 1969-இல் தாமஸ் பிராக், ஹட்சன் ஃப்ரீஸ் இருவராலும் விவரிக்கப்பட்டது. 70 டிகிரி செல்சியஸில் அது தின்று பெருகிக்கொண்டிருக்கும். சாதாரண அறை வெப்பத்தில் பெருகாது. டிஎன்ஏவைப் பல பிரதிகளாகப் பெருக்கும் பிசிஆர் சோதனையில் திரும்பத் திரும்ப 95 டிகிரி வரை சூடாக்கினாலும் தாக்குப்பிடிக்கும் டாக் பாலிமரேஸ் நொதி இதனிடமிருந்து வந்ததுதான். அகவித்தின் கதை நேர்மாறு. உள்ளறையிலிருந்து பெருமளவு நீரை வெளியேற்றி, அந்த இடத்தில் கால்சியமும் டைபிகோலினிக் அமிலமும் சேர்ந்த உப்பை நிரப்பி, டிஎன்ஏ மீது சிறு புரதங்களைப் போர்த்திவைத்திருக்கிறது. உணவு உண்பதில்லை, பிளவதில்லை. கொதிநீர் ஆறி, சத்து கிடைத்ததும் முளைத்துவிடும்.

இரண்டு நிலைகளையும் ஒரே உயிரியில் பார்க்கலாம். வடகிழக்குப் பசிபிக் கடலடி வெந்நீர்ப் பிளவிலிருந்து எடுக்கப்பட்டு, 2003-இல் அறிவிக்கப்பட்ட 'ஸ்ட்ரெயின் 121' என்ற ஆர்க்கியா (பாக்டீரியாவைப் போலத் தோன்றினாலும் தனிப் பிரிவைச் சேர்ந்த நுண்ணுயிரி) 121 டிகிரியிலும் வளர்ந்தது. 130 டிகிரியில் 2 மணி நேரம் வைத்தபோது வளர்ச்சி நின்றது, ஆனால் சாகவில்லை. 103 டிகிரிக்கு மாற்றியதும் மீண்டும் வளர்ந்தது.  

அப்படியானால் 121 டிகிரியில் இயங்கும் ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியால் கிருமிநீக்கம் செய்யும் கலன்) வீணா என்று சிலர் கேட்பதுண்டு. வீணில்லை. ஸ்ட்ரெயின் 121 ஆக்சிஜன் இல்லாத இடத்தில் இரும்புச் சேர்மத்தைக் கொண்டு சுவாசிப்பது. சுமார் 85 டிகிரிக்குக் கீழே பெருகாது. மனித உடல் அதற்கு வெறும் குளிர்ப்பெட்டி. பயப்பட வேண்டியது உடல் வெப்பத்தில் பெருகி, கொதிநிலையைத் தாங்கும் வித்துகளை உருவாக்கும் பாக்டீரியாக்களுக்குத்தான். குளோஸ்ட்ரிடியம் இனங்கள் நல்ல உதாரணம்.

ஆட்டோகிளேவ் தோற்பதற்கு அடிக்கடி காரணமாவது உள்ளே தங்கிவிடும் காற்றுதான். அழுத்தமானி 15 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) காட்டும்; நீராவி மட்டுமே இருந்தால்தான் அது 121 டிகிரி. பாதிக் காற்று வெளியேறாவிட்டால் அதே முள் அதே இடத்தில் நிற்க, வெப்பம் 112 டிகிரி அளவில்தான் இருக்கும். ஆகவே வெளியேற்றுக் குழாயில் நீராவி விட்டுவிட்டு வராமல் சீராகப் பீறிட்ட பிறகே அதை மூட வேண்டும். வழக்கமான 15 நிமிடக் கணக்கும் உள்ளே வைத்த பொருள் 121 டிகிரியைத் தொட்டபின் தொடங்குவது. ஒரு லிட்டர் குடுவையின் நடுப்பகுதி சூடேறச் சோதனைக்குழாயைவிட அதிக நேரம் பிடிக்கும். வெப்பம் பட்டால் நிறம் மாறும் டேப்பை மட்டும் நம்பக்கூடாது. ஜியோபேசிலஸ் ஸ்டியரோதெர்மோஃபிலஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் உள்ள குப்பியைச் சுமையின் நடுவில் வைத்து, பிறகு 55 முதல் 60 டிகிரியில் வளர்த்துப் பாருங்கள். 37 டிகிரியில் வைத்தால் வித்து பிழைத்திருந்தாலும் முளைவிடாது. கிருமிநீக்கம் ஆனதாகத் தவறாகத் தோன்றும்.

அழுத்தக்கலன் இல்லாதவர்கள் டிண்டல் முறையைப் பயன்படுத்துவார்கள்: 100 டிகிரியில் 30 நிமிடம், அடுத்தடுத்து மூன்று நாட்கள். இடைப்பட்ட இரவுகளில் வித்துகள் முளைக்கும், மறுநாள் வெப்பம் முளைத்தவற்றைக் கொல்லும் என்பது கணக்கு. நுண்ணுயிரிகளை வளர்க்கும் சத்துள்ள ஊடகத்துக்கு இது ஓரளவு சரி. வெறும் தண்ணீரிலோ உப்புக் கரைசலிலோ வித்து முளைக்கக் காரணமே இல்லை, மூன்று நாள் கொதியும் வீண்.

வளர்ப்பவர்களுக்கும் இதே பாடம், வேறு வடிவில். உப்பை விரும்பும் ஹாலோபாக்டீரியம் என்ற நுண்ணுயிரி லிட்டருக்கு 250 கிராம் அளவு உப்புள்ள ஊடகத்தைக் கேட்கும். உள்ளே பொட்டாசியம் குளோரைடைக் குவித்துத்தான் வெளி உப்பை அது சமன்செய்கிறது. அதன் சிவந்த குழுமத்தைக் (காலனியை) கண்ணாடித் தகட்டில் எடுத்து, பழக்க தோஷத்தில் காய்ச்சிவடித்த நீரை ஒரு சொட்டு விட்டால் செல்கள் வெடித்துச் சிதறிவிடும். நுண்ணோக்கியில் ஒன்றும் தெரியாது. அதே செறிவு உப்புநீரில்தான் கலக்க வேண்டும். சாயமேற்ற வேண்டுமானால் 2 சதவீத அசிட்டிக் அமிலத்தால் நிலைநிறுத்தலாம். வெப்பவிரும்பிகளை வளர்க்கும்போது தட்டில் ஊடகத்தை உறையவைக்கும் அகார் இளகிச் சிக்கல் தரும் என்பதால் ஜெல்லன் பசையைப் பயன்படுத்துவார்கள். தட்டு காய்ந்துபோகாமல் ஈரக் காகிதத்தோடு உறையில் கட்டிவைப்பதும் வழக்கம்.

குளிரிலும் இதுதான் நிலை. உணவு வழியாக நோய் தரும் லிஸ்டீரியா பாக்டீரியா 4 டிகிரியில் மெதுவாகவேனும் பெருகும். மைனஸ் 18-இல் பெருகாது, ஆனால் அதற்காகச் செத்துவிடுவதுமில்லை.

இனிமேல் இப்படிப்பட்ட பட்டியல் போடும்போது ஒவ்வொரு உயிரிக்கும் இரண்டு எண்கள் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்: எதுவரை வளரும், எதுவரை தாங்கும். ஒரே எண்ணைத் தருவதானால், அது எந்த எல்லை என்பதையாவது குறிப்பிடுங்கள்.

இப்படிக்கு,
நுண்ணுயிரியல் துறை வாசகர்