நான்கு விழுக்காடு எதிலிருந்து கணக்கிடப்படுகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாற்றுத்திறனாளிகளுக்கான வேலைவாய்ப்பு ஒதுக்கீடு பற்றித் தங்கள் நாளிதழில் கடந்த வாரம் வெளியான கட்டுரையில், அவர்களுக்கு உகந்தவை எனக் கண்டறியப்பட்ட பணியிடங்களில் நான்கு விழுக்காடு ஒதுக்கப்படுவதாக ஒரு வரி இருந்தது. படிப்பவர் பலரும் கவனிக்காமல் கடந்துபோகும் வரிதான். ஆனால், மத்திய அரசு அலுவலகம் ஒன்றின் நிர்வாகப் பிரிவில் பல ஆண்டுகள் ரோஸ்டர் பதிவேடு (எந்தக் காலியிடம் யாருக்கு ஒதுக்கப்பட்டது என்று வரிசைப்படி குறிக்கும் பதிவேடு) எழுதியவன் என்பதால் அதை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் 34ஆவது பிரிவு, ஒவ்வொரு பணித்தொகுதியிலும் ஏற்படும் மொத்தக் காலியிடங்களில் நான்கு விழுக்காட்டுக்குக் குறையாமல் ஒதுக்க வேண்டும் என்கிறது. உகந்த பணியிடங்களின் பட்டியல் அந்த ஒதுக்கீட்டை எந்த இருக்கையில் நிரப்புவது என்பதற்கே பயன்படுகிறது. ஒதுக்கீட்டின் அளவை அது தீர்மானிப்பதில்லை. ஓர் அலுவலகத்தில் 100 காலியிடங்கள் ஏற்பட்டு, அவற்றுள் 40 மட்டுமே உகந்தவை என்று வைத்துக்கொள்வோம். சட்டப்படி நான்கு பேருக்கு இடம் உண்டு. அந்த நால்வரையும் 40 இடங்களுக்குள் அமர்த்த வேண்டும். கட்டுரையின் கணக்குப்படியோ 40-க்கு நான்கு விழுக்காடு, அதாவது ஒன்றரைக்குச் சற்று மேல்தான் வரும். இரண்டு பேருடைய வாழ்க்கை இந்த ஒரு வரியில் தொலைந்துவிடுகிறது.

இது புதிய பிழையும் அன்று. மூன்று விழுக்காடு வழங்கிய 1995ஆம் ஆண்டுச் சட்டம் நடப்பில் இருந்தபோது, 2005 டிசம்பரில் மத்தியப் பணியாளர் துறை வெளியிட்ட குறிப்பாணையே, கீழ்நிலைப் பணிகளான 'சி', 'டி' பிரிவுகளுக்கு மொத்தக் காலியிடங்களையும், உயர்நிலைப் பணிகளான 'ஏ', 'பி' பிரிவுகளுக்கு உகந்தவை எனக் கண்டறியப்பட்ட இடங்களை மட்டும் அடிப்படையாகக் கொள்ளச் சொன்னது. உயர்பதவிகளில் மாற்றுத்திறனாளிகள் அரிதாகவே தென்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து. பார்வையற்றோர் தேசியக் கூட்டமைப்பு தொடுத்த வழக்கில், அப்போது தலைமை நீதிபதியாக இருந்த, ஈரோட்டுப் பகுதியைச் சேர்ந்த திரு. ப. சதாசிவம் அவர்களின் தலைமையிலான அமர்வு 2013 அக்டோபர் 8 அன்று, நான்கு பிரிவுகளுக்கும் மொத்தக் காலியிடங்களே அடிப்படை என்று தீர்ப்பளித்து, அந்தக் குறிப்பாணையைத் திருத்த உத்தரவிட்டது. அந்தத் தீர்ப்பு வந்து இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் பழைய கணக்கு நாளிதழ்க் கட்டுரையில் எட்டிப் பார்ப்பது வியப்பளிக்கிறது.

கட்டுரையில் இடம்பெறாத ரோஸ்டர் பற்றியும் சொல்ல வேண்டும். 2018 ஜனவரி 15 நாளிட்ட மத்திய அரசின் குறிப்பாணைப்படி, ஒரு காலியிடத்துக்கு ஒரு புள்ளி என 100 புள்ளிகள் கொண்ட சுற்றில் 1, 26, 51, 76 ஆகியவை மாற்றுத்திறனாளிகளுக்குரியவை. முதல் புள்ளியில் வரும் பணியிடம் உகந்ததாக இல்லையென்றால் 2 முதல் 25 வரையுள்ள புள்ளிகளில் முதலில் வரும் உகந்த இடத்தைக் கொடுக்கலாம். நல்ல நோக்கத்தில் தரப்பட்ட நெகிழ்வுதான். ஆனால் ஆண்டுக்கு ஐந்தாறு காலியிடங்களே வரும் சிறிய அலுவலகத்தில் 25 புள்ளிகளைக் கடக்க நான்கைந்து ஆண்டுகள் ஆகும். 'இன்னும் இடம் இருக்கிறதே, அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்' என்று தள்ளிப்போட்ட அதிகாரி அதற்குள் மாற்றலாகிச் சென்றுவிடுவார், புதிதாக வருபவருக்கு அந்தக் கடன் இருப்பதே தெரியாது. நான் பார்த்த ஒரு பதிவேட்டில் 26ஆம் புள்ளிக்கு எதிரே பென்சிலால் ஒரு கேள்விக்குறி மட்டும் இருந்தது. அதை யார் போட்டார்கள் என்று கடைசிவரை தெரியவில்லை.

நிரப்பப்படாத இடம் அந்த ஆண்டோடு காலாவதியாவதும் இல்லை. அது அடுத்த தேர்வு ஆண்டுக்குப் பின்னடைவுப் பணியிடமாகச் செல்ல வேண்டும். அப்போதும் அந்த வகையில் ஆள் கிடைக்காவிட்டால் சட்டம் குறிப்பிடும் ஐந்து வகையினருக்குள் மாற்றிக் கொடுக்கலாம். எந்த வகையிலும் ஒருவரும் கிடைக்காத நிலையில்தான் மற்றவரைக் கொண்டு நிரப்ப முடியும். அதேபோல், வயது வரம்பிலோ மதிப்பெண்ணிலோ எந்தத் தளர்வும் பெறாமல் பொதுத் தரத்தில் தேர்வான மாற்றுத்திறனாளியை ஒதுக்கீட்டுக் கணக்கில் சேர்க்கக் கூடாது. 'நம்மிடம்தான் ஒருவர் இருக்கிறாரே' என்று சொல்லிக் கணக்கை முடித்துவிடும் அலுவலகங்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

'இந்தப் பணிக்கு இவர்கள் சரிப்பட மாட்டார்கள்' என்று கோப்பில் எழுதிவிட்டால் விலக்குக் கிடைத்துவிட்டதாக நினைப்பவர்களும் உண்டு. மாற்றுத்திறனாளிகளுக்கான தலைமை ஆணையரையோ மாநில ஆணையரையோ கலந்தாலோசித்து அரசு முறைப்படி அறிவிக்கை வெளியிட்டால் மட்டுமே அது விலக்கு. மத்திய அரசு 2021 ஜனவரியில் 3,566 பணிகளை உகந்தவையாக அறிவித்தது. அவற்றில் 1,046 'ஏ' பிரிவைச் சேர்ந்தவை. ஆகவே, பொருத்தமான இடமே இல்லை என்ற பதிலை எளிதில் ஏற்பதற்கில்லை. பதவி உயர்விலும் ஒதுக்கீடு உண்டு என்பதை உச்ச நீதிமன்றம் 2021 ஜூனில் கேரள அரசின் மேல்முறையீட்டில் உறுதி செய்தது; கருணை அடிப்படையில் வேலைக்கு வந்தவர் என்பதால் அந்த உரிமையை மறுக்க முடியாது என்றும் கூறியது. தனியார் துறையைப் பொறுத்தவரை 35ஆவது பிரிவு ஊக்கத்தொகையைப் பற்றி மட்டுமே பேசுகிறது; அங்கே கட்டாயம் ஏதும் இல்லை.

சட்டத்தை மீறினால் முதல் முறை விதிக்கப்படும் அபராதம் அதிகபட்சம் 10,000 ரூபாய். தேர்வு அறிவிக்கை ஒன்றை நாளிதழில் விளம்பரம் செய்ய அதைவிடக் கூடுதலாகச் செலவாகும்.

தங்கள் வேலைவாய்ப்புப் பக்கத்தில் இனி அறிவிக்கைகளை வெளியிடும்போது, மொத்தக் காலியிடம் எத்தனை, முந்தைய ஆண்டுப் பின்னடைவு எத்தனை, ரோஸ்டர் எந்தப் புள்ளியில் நிற்கிறது என்பவற்றை விண்ணப்பதாரர்கள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டுப் பெறலாம் என்ற குறிப்பையும், மேற்சொன்ன வரிக்கான திருத்தத்தையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மத்திய அரசு ஊழியர்,
திருச்சிராப்பள்ளி.