மார்ச் 21ஐ ஓட்டம் என்று எழுதாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

போன ஞாயிறு மலரில் முதலாம் உலகப் போர் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை வாசித்தேன். 1918 மார்ச் 21 அன்று பிரான்சில் ஜெர்மன் படை வந்ததும் பிரித்தானியச் சிப்பாய்கள் பதுங்குகுழிகளை விட்டு ஓடிவிட்டார்கள் என்று ஒரே வரியில் முடித்திருக்கிறீர்கள். இருபத்தெட்டு வருஷம் வரலாறு படிப்பித்தவன் நான், அந்த வரியை அப்படியே விட மனம் வரவில்லை.

அன்று விடிய 4.40க்குத் தொடங்கிய குண்டுவீச்சு ஐந்து மணித்தியாலம் நிற்கவில்லை. ஆறாயிரத்துக்கும் மேல் பீரங்கி, பத்து லட்சத்துக்கும் மேல் குண்டு, அதோடு நச்சுவாயு.

அப்புறம் அந்த மூடுபனி. கட்டுரையில் அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை, எனக்கு அதுதான் பெரிய குறை. முன் வரிசை என்பது ஒரே நீளக் குழி இல்லை, அங்கொன்றும் இங்கொன்றுமாகக் காவலரண்கள். நடுவில் இருக்கிற வெளியை இரண்டு பக்கத்திலிருந்தும் இயந்திரத் துப்பாக்கியால் அடிக்கலாம் என்பதுதான் திட்டம். அதற்குக் கண் தெரிய வேண்டுமே! நம் மலையில் காலையில் பனி இறங்கினால் பக்கத்து நிரையில் கொழுந்து எடுக்கிற அக்காவின் கூடை மட்டும் கறுப்பாகத் தெரியும், ஆள் தெரியாது, குரல் கொடுத்துத்தான் பேசிக்கொள்வார்கள். அப்படி ஒரு பனிக்குள் ஜெர்மன் தாக்குதல் அணிகள் அரண்களோடு மோதாமல் இடைவெளிகளால் உள்ளே போய்விட்டன. முதுகுப் பக்கம் எதிரி வந்து நின்ற பிறகுதான் பலருக்கு விஷயமே தெரிந்தது. அந்த ஒரே நாளில் சுமார் 21,000 பேர் சிறைப்பட்டார்கள். ஓடினவன் எப்படி ஐயா சிறைப்படுவான்?

பிரித்தானிய ஜெனரல் கஃப்பின் ஐந்தாவது படை 42 மைல் நீளப் போர்முனையை 12 காலாட் டிவிஷனை (பெரிய படைப்பிரிவு) மட்டும் வைத்துக் காத்தது. அதில் ஒரு பகுதியைப் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பொறுப்பேற்றதே ஜனவரியில்தான். பின் வரிசைக் குழிகளை வெட்டி முடிக்க ஆளும் இல்லை, நேரமும் இல்லை, சில இடங்களில் புல்லைச் செதுக்கி அடையாளம் போட்டதோடு சரி. என் அப்பா தோட்டத்தில் தண்ணீர் ஓடுகிற கான் வெட்டியவர். ஒரு ஆள் ஒரு நாளில் எவ்வளவு வெட்டலாம் என்பது எனக்குத் தெரியும்.

செயின்ட் குவென்டின் நகரத்துக்குப் பக்கத்தில் மான்செஸ்டர் குன்று. அங்கே இருந்தவர் லெப்டினன்ட் கேணல் வில்ஃப்ரித் எல்ஸ்டோப், போருக்கு முன்னால் பள்ளிக்கூட ஆசிரியர். "இங்கே சண்டை போடுவோம், இங்கேயே சாவோம்" என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார். நாலு பக்கமும் வளைத்த பிறகும் பின்னேரம் வரை ரிவால்வரும் கைக்குண்டுமாக நின்று அங்கேயே செத்தார். உடல் கிடைக்கவில்லை. பிரித்தானியாவின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான விக்டோரியா சிலுவை பிறகு வந்தது. இன்று பிரான்சில் இருக்கிற பொசியர் நினைவுச் சுவரில் அவர் பெயர் இருக்கிறது, அவரைப் போலக் கல்லறை தெரியாத 14,000க்கும் மேற்பட்டவர்களின் பெயரோடு.

பின்வாங்கினார்கள், அது உண்மை, நாற்பது மைல் வரை. ஆனால் ரயில் பாதைகள் கூடுகிற அமியான் நகரம் விழவில்லை, ஏப்ரல் 5ஆம் திகதி ஜெர்மன் தளபதி லூடன்டார்ஃப் அந்தத் தாக்குதலை நிறுத்தினார்.

இதெல்லாம் ஹட்டனில் இருக்கிற உனக்கு எதற்கு என்று கேட்பார்கள். நம் தோட்டத் துரைமாரும் 1914இல் சிலோன் பிளாண்டர்ஸ் ரைபிள் படையில் எகிப்துக்குப் போய், அங்கிருந்து துருக்கியில் இருக்கிற கலிப்போலிப் போர்முனைக்குப் போனவர்கள்தான். எங்கள் பக்கத்துத் தேவாலயச் சுவரில் இருக்கிற பித்தளைப் பலகையில் செத்தவர்களின் பெயர்களைச் சின்ன வயதில் எழுத்துக்கூட்டி வாசித்திருக்கிறேன். துரைமார் நம்மவர்களை நடத்தின விதமும் தெரியும், என் தாத்தா முதுகில் வாங்கின அடியும் தெரியும். அதற்காக, குழிக்குள் நின்று செத்தவனை ஓடினவன் என்று எழுத என்னால் முடியாது.

ஒரு திருத்தம் போடுங்கள், சின்ன எழுத்தில் என்றாலும் பரவாயில்லை. சாதாரண தரப் பரீட்சை எழுதப்போகிற பிள்ளைகள் உங்கள் ஞாயிறு மலரை வெட்டிக் கொப்பியில் ஒட்டி வைக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
ஹட்டன்.